திருவிடந்தையும் பிளேட்டோவின் காதலும்

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது திருவிடந்தை. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. கல்யாணம் கூடிவர வேண்டி, மாலையும் கழுத்துமாகப் பிரகாரம் சுற்றுகிறார்கள். காலவ முனிவரின் 360 பெண்களை வராகப் பெருமாள் நாளுக்கு ஒருவராக மணந்து, கடைசியில் அனைவரையும் ஒரே அகிலவல்லித் தாயாராக்கினார் என்கிறது தலபுராணம்.

பலரிலிருந்து ஒருத்தி!

சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் பிளேட்டோ எழுதிய ‘சிம்போசியம்’ உரையாடலிலும் இப்படியொரு பயணம் உண்டு. ஓர் உடலின் அழகில் தொடங்கும் காதல், எல்லா உடல்களின் அழகு, உள்ளத்தின் அழகு, அறிவின் அழகு என்று படிப்படியாக ஏறி, அழியாத அழகில் முடிகிறது. சாக்ரடீஸுக்கு இதைக் கற்பித்தவராக வருபவர் தியோத்திமா என்ற பெண். அவர் கணக்கில் காதல், வறுமைக்கும் வளத்துக்கும் பிறந்த பிள்ளை. இல்லாததைத் தேடியபடியே இருக்கும்.

திருமங்கையாழ்வார் திருவிடந்தையைப் பாடியது, காதலில் வாடும் மகளுக்காகப் பெருமாளிடம் முறையிடும் தாயாக. பிளேட்டோவின் படிகளில் ஏறியவர் முதல் படியில் இருந்த மனிதரை மறந்துவிடுவாரோ என்று உறுத்தும். ஆழ்வார் பாடும் பெண்ணுக்கோ ஏக்கம் உடம்பிலேயே தெரிகிறது.