ரோலர் கோஸ்டர் வந்தால் ராகலைக்கு மக்கள் வருவார்களா?

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் நுவரெலியாவில் கால் வைக்க இடமிராது. குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரகரி வாவியிலே படகோட்டம் என நகரம் களைகட்டி நிற்கும். அங்கிருந்து கந்தப்பளையைக் கடந்து வந்தால் ராகலை. இங்கும் அதே மலைதான், அதே குளிர்தான், அதே தேயிலைப் பசுமைதான். ஆயினும் நுவரெலியாவுக்கு வரும் பெருங்கூட்டத்தில் இப்பக்கம் திரும்புவோர் மிகச் சிலரே. அவர்களும் உடப்புசல்லாவைக்கோ வெலிமடைக்கோ போகும் வழிப்போக்கராய் ஒரு கோப்பைத் தேநீர் அருந்திச் சென்றுவிடுகின்றனர்.

இத்தகைய சிற்றூர் ஒன்றிலே கேளிக்கைப் பூங்கா அமைத்து, அதில் ரோலர் கோஸ்டர் ஒன்றையும் நிறுவினால் மக்கள் தேடி வருவார்களா? கேட்பதற்கு இது விளையாட்டுக் கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் படிப்பை முடித்த கையோடு கொழும்புக் கடைகளை நோக்கி பஸ் ஏறுவதைக் காணும் பெற்றோருக்கு, ஊரிலேயே நான்கு பேருக்குப் பிழைப்புத் தரக்கூடிய எந்தத் தொழிலும் விளையாட்டன்று. ஆகவே இதனைச் சற்று ஆற அமர ஆராய்வோம்.

மலையில் பிறந்த விளையாட்டு

ரோலர் கோஸ்டரின் பூர்வீகம் பனிமலை. ரஷ்ய நாட்டினர் குளிர்காலத்தில் மரச் சாரங்களின் மேல் பனிக்கட்டியைப் படரவிட்டு, சறுக்குப் பலகைகளில் அமர்ந்து வழுக்கி விளையாடினர். பனியில்லாத பாரிஸ் நகரில் 1817ஆம் ஆண்டு அதே விளையாட்டுக்குச் சக்கரம் பூட்டினார்கள். இன்றும் பிரெஞ்சு மொழியில் இதன் பெயர் ‘ரஷ்ய மலைகள்’. வேடிக்கை யாதெனில், ரஷ்யர்கள் இதனை ‘அமெரிக்க மலைகள்’ என்கின்றனர்!

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மாக் சங்க் என்றொரு மலையூர். அங்கே சுரங்கத்து நிலக்கரியைக் கீழே இறக்குவதற்கு 1827ஆம் ஆண்டு ஒரு தண்டவாளம் போடப்பட்டது. வண்டிகள் தம் பாரத்தாலேயே சரிவில் ஓடி இறங்கின. வெறும் வண்டிகளை மேலே இழுத்துச் சென்ற கோவேறு கழுதைகளோ, இறங்கும்போது தாமும் வண்டியிலேறிச் சவாரி செய்தன. 1872ஆம் ஆண்டு சுரங்க வழி ஒன்று திறக்கப்படவே, நிலக்கரிக்கு இப்பாதை வேண்டாததாயிற்று. ஆனால் ஊரார் தண்டவாளத்தைப் பிடுங்கி எறியவில்லை. பிரயாணிகளை ஏற்றி, மலைக்காட்சி காட்டி, 1933 வரை அதனை ஓட்டினார்கள். இந்த உல்லாசச் சவாரி புகழ் பெற்றிருந்த காலத்திலேயே, 1884இல், லமார்க்கஸ் தாம்சன் என்பவர் நியூயோர்க்கின் கோனி தீவில் ஏறி இறங்கும் பாதை ஒன்றை அமைத்தார். கட்டணம் ஐந்து சதம். வேகம் மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீற்றர். அவ்வளவுக்கே மக்கள் வரிசையில் நின்றனர்.

நாம் இழந்த தண்டவாளம்

மாக் சங்க் கதை ராகலை வாசிகளின் நெஞ்சைத் தொட வேண்டிய கதை. ஏனெனில் ராகலைக்கும் ஒரு காலத்தில் மலைத் தண்டவாளம் இருந்தது. நானுஓயாவிலிருந்து 1903இல் நுவரெலியாவுக்கும், 1904இல் கந்தப்பளை வழியே ராகலைக்கும் புகையிரதம் வந்தது. இரண்டரை அடி அகலமே உடைய சிறு பாதை. ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் வளைந்து நெளிந்து சென்ற பாதை. தேயிலைப் பெட்டிகளைக் கொண்டு செல்வதும், தோட்டங்களுக்கு வேண்டிய அரிசி, உரம் முதலியவற்றைக் கொண்டு வருவதுமே அதன் தலையாய பணி. லொறிகள் பெருகியதும் வருமானம் குன்றியது. 1940களில் பாதை மறைந்து போயிற்று.

நீலகிரியைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து 1899இல் குன்னூர் வரையும், 1908இல் உதகமண்டலம் வரையும் போடப்பட்ட மலைப்பாதை இன்றும் ஓடுகின்றது. 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னங்களிலே சேர்த்துக்கொண்டது. அந்த வண்டியில் ஏறுவதற்கென்றே உதகைக்குச் செல்வோர் உண்டு. ஓர் ஊருக்கு ஒரு சவாரியே விலாசமாக அமையக்கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சிற்றூர்கள் புகட்டும் பாடம்

இனி ரோலர் கோஸ்டரால் பெயர் பெற்ற சிற்றூர்களுக்கு வருவோம். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் சாந்தா குளோஸ் என்பது சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறு பேர் வாழும் ஊர். நத்தார்த் தாத்தாவின் பெயர் கொண்ட அவ்வூரில் 1946இல் குழந்தைகளுக்கென ஒரு பூங்கா திறக்கப்பட்டது. 1995இல் ‘ரேவன்’ என்ற மரத்தாலான ரோலர் கோஸ்டர் அங்கே வந்தது. 2000இல் ஒன்றும், 2006இல் மற்றொன்றும் தொடர்ந்தன. இன்று ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் அளவில் மக்கள் அங்கே செல்கின்றனர். புதுச்சவாரி மட்டுந்தானா காரணம்? அன்று. ஒரே குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகப் பூங்காவைப் பேணி வந்தனர். நீர் விளையாட்டுகளைச் சேர்த்தனர். 2000ஆம் ஆண்டு முதல் குளிர்பானத்தை இலவசமாகவே வழங்கினர். ஒரு முறை வந்தவர் குழந்தை குட்டிகளோடு மறுமுறை வந்ததன் இரகசியம் இதுவே.

பென்சில்வேனியாவின் எலிஸ்பர்க் கிராமத்துக் கனோபல்ஸ் பூங்காவின் கதை இன்னும் சுவையானது. புதிய ரோலர் கோஸ்டர் வாங்காமல், டெக்ஸாஸ் மாநிலத்தில் மூடிக் கிடந்த பூங்கா ஒன்றிலிருந்து 1940களில் கட்டப்பட்ட மர ரோலர் கோஸ்டரை விலைக்கு வாங்கி, சட்டம் சட்டமாகக் கழற்றிக் கொண்டுவந்து, 1985இல் தம்மூரில் நிறுத்தினார்கள். சாம்பலிலிருந்து உயிர்த்தெழும் பறவையான ‘பீனிக்ஸ்’ பெயரையே அதற்குச் சூட்டினார்கள். அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை. ஏறும் சவாரிக்கு மட்டுமே சீட்டு.

நம் அயலிலும் சான்று உண்டு. கொச்சி நகருக்கு வெளியே பள்ளிக்கரை என்னும் இடத்துக் குன்றில் 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ‘வீகாலாண்ட்’ பூங்காவே, பின்னர் ‘வொண்டர்லா’ எனப் பெயர் மாறிப் பெங்களூர், ஐதராபாத் முதலிய நகரங்களிலும் கிளை பரப்பியது. ஆனால் அதற்குக் கொச்சி என்ற பெருநகரம் கூப்பிடு தூரத்தில் இருந்தது என்பதை மறத்தலாகாது. ராகலைக்கு அந்த வாய்ப்பு இல்லை. நுவரெலியாவுக்கு வந்தவரை ஒரு நாள் கூடுதலாகத் தங்கவைப்பதே அதற்குள்ள வழி.

திருவிழா ராட்டினமும் நுழைவுச் சீட்டும்

கட்டணத்தைப் பற்றிய பாடத்தை நாம் எலிஸ்பர்க்கிலிருந்து கற்க வேண்டியதில்லை. நம் தோட்டத்துத் தேர்த் திருவிழாவே அதனைச் சொல்லும். திருவிழாத் திடலுக்குள் நுழையச் சீட்டு உண்டா? பாட்டி ஓர் ஓரத்தில் அமர்ந்து கடலை கொறிப்பாள். பேரன் ராட்டினத்தில் சுற்றுவான். தாய் வளையற்கடையில் பேரம் பேசுவாள். சுற்றுகிறவன் மட்டுமே காசு கொடுக்கிறான். மகிழ்ச்சியோ குடும்பம் முழுவதற்கும் கிட்டுகின்றது. வாசலிலேயே தலைக்கு இவ்வளவு என்று வசூலித்தால், ஐந்து பேருள்ள தோட்டக் குடும்பம் வேலிக்கு வெளியே நின்றுவிடும். தன்னூர் மக்களே உள்ளே வராத பூங்காவுக்கு வெளியூரார் எத்தனை காலம் வருவர்?

மலையே கோபுரம்

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ரோலர் கோஸ்டர் வண்டியில் பொதுவாக எந்திரம் இல்லை. சங்கிலி அதனை உச்சிக்கு இழுத்துச் செல்கிறது. அங்கே சேர்ந்த அழுத்தசக்தி, இறங்கும்போது இயக்கசக்தியாக மாறுகிறது. இருபது மீற்றர் உயரத்திலிருந்து இறங்கும் வண்டி, உராய்வைக் கணக்கிடாவிடின், மணிக்கு எழுபது கிலோமீற்றர் வேகத்தை எட்டும். சமவெளியில் இந்த உயரத்தைப் பெற இரும்புக் கோபுரம் எழுப்ப வேண்டும். மலைநாட்டிலோ இயற்கையே உயரத்தைத் தந்திருக்கின்றது.

இதனையுணர்ந்த ஐரோப்பிய மலையூரார், சரிவின் மேல் தாழ்வாகத் தண்டவாளம் அமைத்து, ஒருவர் இருவர் அமரும் சிறு வண்டிகளை ஓட்டுகின்றனர். தடையைப் பயணியே கையால் இயக்கலாம். அஞ்சுவோர் மெல்லப் போகலாம். பனிச்சறுக்கு இல்லாத கோடையிலும் அவ்வூர்களுக்கு வருமானம் கிடைப்பது இதனாற்றான். ராகலைக்குப் பொருந்துவதும் வானளாவும் இரும்புப் பூதமன்று. தேயிலைச் செடிகளுக்கிடையே வளைந்து செல்லும் இத்தகைய சவாரியே.

எனினும் மலை தருவதைப் போலவே எடுக்கவும் வல்லது. 2025 நவம்பரில் வீசிய டித்வா புயலும் மண்சரிவுகளும் மலையகத்தில் விளைத்த துயரம் நம் கண்முன் நிற்கின்றது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சரிவை ஆராய்ந்து இசைவு தராத இடத்தில் ஒரு தூணும் ஊன்றலாகாது. மழை நாளிலும் மூடுபனி நாளிலும் வண்டியை நிறுத்திவைக்கும் துணிவு வேண்டும். அந்நாட்களின் நட்டத்தையும் முதலிலேயே கணக்கிற் சேர்க்க வேண்டும்.

முடிவாக

ரோலர் கோஸ்டர் வந்தால் மக்கள் வருவார்களா? வருவார்கள், ஐயமில்லை. முதல் பருவத்தில் புதுமைக்காக வருவார்கள். இரண்டாம் பருவத்தில் அவர்களை மீண்டும் அழைப்பவை வேறு: பழுதில்லாத வண்டி, துப்புரவான கழிப்பறை, நியாய விலையில் சூடான உணவு, மலைக்குரிய தேநீர், மரியாதையான சொல். இவற்றையெல்லாம் தர வேண்டியவர்கள் ராகலையின் பிள்ளைகளே. அவர்களைச் சீட்டுக் கிழிக்கும் வேலையோடு நிறுத்திவிடாமல், காலைதோறும் சக்கரத்தையும் சங்கிலியையும் சோதித்துக் கையொப்பமிடும் பொறிவல்லுநராகவும், கணக்கராகவும், பங்காளராகவும் ஆக்கும் திட்டமாயின் அதனை வரவேற்போம். முதலாளி வெளியூர், இலாபமும் வெளியூர், குப்பை மட்டும் உள்ளூர் என்னும் திட்டமாயின், அன்று தண்டவாளத்தை இழந்த ஊர் இன்று தன் மலைச்சரிவையும் இழந்து நிற்கும். திட்டத்தைக் கொண்டுவருவோரிடம் பெற்றோரும் இளைஞரும் முதலில் கேட்க வேண்டியது வண்டியின் வேகத்தையன்று. தம் பிள்ளைகளுக்கு அதிலே என்ன பங்கு என்பதையே.