திருவிழாவுக்கு மறுநாள் மூட்டிய தீ

சென்ற ஆண்டு பங்குத் திருவிழா முடிந்த மறுநாள் காலை ஆலயத்தின் பின்புறத்தில் நான் கண்ட காட்சி எனக்குப் புதியதன்று. நான் பணிபுரிந்த பங்குகள் பலவற்றிலும் கண்டதே. சாலையோரம் கட்டியிருந்த ஃபிளெக்ஸ் பதாகைகள், பிளாஸ்டிக் தோரணங்கள், விருந்தில் மீந்த தட்டுகள், குவளைகள் யாவும் ஒரே குவியலாகக் கிடந்தன. கோயில்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார், நான் தலையசைத்தேன், தீ மூட்டப்பட்டது. கரும்புகை மதிலைத் தாண்டி அடுத்த குடியிருப்பின் மேல் கவிந்தது. கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு தாய், கைக்குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு வீட்டுக்குள் சென்றுவிட்டார். ஒரு மணி நேரத்தில் இடம் சுத்தமாயிற்று என்று நானும் மனநிறைவோடு திரும்பினேன்.

அப்புகையில் என்ன இருந்தது என்பதைப் பிறகுதான் படித்தறிந்தேன். ஃபிளெக்ஸ் பதாகையில் பூசப்படுவது பி.வி.சி. தூய பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேற்பட்டது குளோரின். குளோரின் கலந்த பொருள்கள் போதிய வெப்பமின்றி அரைகுறையாக எரியும்போது டயாக்சின் என்னும் நச்சு பிறக்கிறது. இதனை எவரும் விரும்பி உற்பத்தி செய்வதில்லை. நமது கவனமின்மையே அதன் தொழிற்சாலை. 850 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பத்தைக் காத்து எரிக்கும் உலைகளில் அது சிதைந்துபோகும். தெருமுனைக் குப்பைத் தீயில் அத்தகைய வெப்பத்துக்கு வழியேது?

இந்நச்சின் தனிக்குணம் அதன் நீடித்த ஆயுளாகும். நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். மனித உடலுக்குள் புகுந்தால், புகுந்த அளவில் பாதி வெளியேறுவதற்கே ஏழு முதல் பதினோர் ஆண்டுகள் ஆகலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. டயாக்சின்களுள் மிகக் கொடியது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று 1997-ஆம் ஆண்டில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. இத்தாலி நாட்டில் மிலான் நகருக்கு அருகிலுள்ள செவேசோ மக்கள் இதன் கொடுமையை முன்னரே கண்டுவிட்டனர். 1976 ஜூலை 10 அன்று அண்மையிலிருந்த இரசாயன ஆலையிலிருந்து கிளம்பிய நச்சுமேகம் அவ்வூரின் மேல் படிந்தது. கோழிகளும் முயல்களும் மடிந்தன. குழந்தைகளின் முகத்தில் கொப்புளங்கள் புறப்பட்டன. எழுநூறுக்கும் மேற்பட்டோர் வீடுவாசலை விட்டு வெளியேற்றப்பட்டனர். நமது குப்பைத் தீயை அப்பேரிடரோடு ஒப்பிடுவது மிகையே. ஆயினும் அங்கே ஒரே நாளில் கொட்டிய நச்சு, இங்கே சிறுகச் சிறுக, நாள்தோறும், பல்லாயிரம் தெருக்களில் சேர்கிறது.

புகையை முகர்ந்தால்தானே தீங்கு, விலகி நின்றால் போதாதா என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். மனிதர் உடலில் சேரும் டயாக்சினில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் உணவின் வழியாகவே வருகிறது. சாம்பல் மண்ணில் படிகிறது, அம்மண்ணில் மேயும் மாட்டின் கொழுப்பில் நச்சு தங்குகிறது, பாலில் இறங்குகிறது. சென்னையின் தெற்கே, பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய பெருங்குடிக் குப்பைமேட்டில் இது ஆராயப்பட்டிருக்கிறது. ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி, 2004-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, அம்மேட்டின் அருகே வாழ்ந்த தாய்மாரின் பாலில் மற்ற இடங்களைக் காட்டிலும் டயாக்சின் வகை நச்சுகள் மிகுந்திருந்ததைக் கண்டது. குப்பைமேட்டில் மேய்ந்த மாடுகளின் பால் அதற்கு ஒரு வழியாக இருக்கக்கூடும் என்றும் அது சுட்டியது. அதே மேடு 2022 ஏப்ரலில் தீப்பற்றிப் பல நாள் புகைந்தது.

இதைப் படிக்கும் இளந்தாய் எவரும் அஞ்சித் தாய்ப்பாலை நிறுத்திவிட வேண்டாம். தாய்ப்பாலின் நன்மை இத்தீங்கினும் பன்மடங்கு பெரிது என்பதில் மருத்துவ உலகம் உறுதியாக இருக்கிறது. பிள்ளையின் வாயிலிருந்து பாலை விலக்குவதன்று, பாலுக்குள் நச்சு வராமற் காப்பதே நம் கடன்.

“சாமி, நம் பாட்டன் பூட்டன் காலத்திலும் குப்பையை எரித்தார்களே” என்றார் எங்கள் உபதேசியார். உண்மைதான். அவர்கள் எரித்தது சருகும் வைக்கோலும் பழம் பாயும். நாம் எரிப்பது அவர்கள் கண்ணாலும் காணாதவை. தீ மாறவில்லை, குப்பை மாறிவிட்டது.

2001-இல் ஸ்டாக்ஹோம் நகரில் உருவான உடன்படிக்கை, டி.டி.டி., பி.சி.பி., டயாக்சின் உள்ளிட்ட பன்னிரண்டு நச்சுகளைத் தொடக்கத்தில் பட்டியலிட்டது. 2006-இல் இந்தியாவும் அதனை ஏற்றது. குப்பையைத் திறந்த வெளியில் எரித்தலை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் தடைசெய்தன. அவ்விதியை நான் அறியாமலே மீறிவந்திருக்கிறேன். விடியலில் தெருக்கூட்டும் தொழிலாளியை மட்டும் இதற்காகக் கடிந்துகொள்வது முறையன்று. அவள் கையில் வண்டி இல்லை, கொட்டுவதற்கு இடமும் இல்லை. நெருப்புப்பெட்டி ஒன்றே அவளுக்கு வாய்த்தது.

இவ்வாண்டுத் திருவிழாவுக்குத் துணிப் பதாகைகளே என்று பங்குப் பேரவையில் பேசி முடித்தோம். செலவு கூடுதல் என்று இளைஞர்கள் முணுமுணுத்தார்கள்; எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்ததும் கணக்குச் சரியாயிற்று. விருந்துக்கு வாழையிலை. பழைய ஃபிளெக்ஸ் சுருள்கள் மட்டும் பண்டக அறையில் இன்னும் கிடக்கின்றன. அவற்றை என்ன செய்வதென்று கோயில்பிள்ளை வாரந்தோறும் கேட்கிறார். எரிக்க வேண்டாம் என்பதைத் தவிர வேறு விடை என்னிடம் இப்போதைக்கு இல்லை.