மலைக்கோட்டையும் நமது கடமையும்

மதுரையிலிருந்து ரயிலில் வடக்கே வரும் பிரயாணிக்குத் திண்டுக்கல் நகரம் தென்படுமுன் அதன் பாறையே தென்படுகிறது. சமவெளியின் நடுவே, யாரோ ஒரு ராட்சசன் தலைக்கு வைத்துறங்கி எழுந்துபோன திண்டைப்போல் அது தனித்துக் கிடக்கிறது. திண்டு போன்ற கல் என்பதே ஊரின் பெயர்க் காரணமென்று பெரியோர் கூறுவர்.

இக்கல்லைக் கோட்டையாக்கியவர் மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர், ஆண்டு 1605. திருமலை நாயக்கர் அதனை வலுப்படுத்தினார். சிறுமலைக்கும் பழனிமலைக்கும் இடையே கொங்குநாட்டிலிருந்து மதுரைக்கு வரும் வழியை இக்கோட்டை காவல்செய்து நின்றது. ஆதலால் இதனைக் கைக்கொள்ள விரும்பாத அரசர் அக்காலத்தில் இல்லை. 1755-ல் ஹைதர் அலி மைசூரின் பவுஜ்தாராக இங்கு வந்தார். பிரெஞ்சுக்காரர் உதவியுடன் ஆயுதசாலையொன்றை அமைத்தார். 1783-ல் ஆங்கிலேயர் பிடித்தனர். மறு ஆண்டு உடன்படிக்கையால் திரும்பக் கொடுத்தனர். 1790-ல் மீண்டும் பிடித்தனர். 1792-ம் வருஷத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை கம்பெனியாரின் சொத்தாயிற்று.

இவை அரசர்களின் கணக்கு. ஜனங்களின் கணக்கு வேறு. 1772-ல் கணவரைப் போரில் பறிகொடுத்த சிவகங்கை வேலுநாச்சியார் அடைக்கலம் புகுந்ததும், ஹைதரின் துணைபெற்று 1780-ல் தமது சீமையை மீட்கப் புறப்பட்டதும் இத்திண்டுக்கல் சீமையிலிருந்தேயாகும். கம்பெனி ஆட்சியை எதிர்க்கப் பாளையக்காரரை ஒன்றுதிரட்டிய விருப்பாச்சி கோபால நாயக்கர் 1801-ல் தூக்கிலிடப்பட்டதும் இவ்வூரிலேதான்.

இன்று பாறையில் வெட்டிய படிகளின் வழியே மேலேறுகிறோம். பீரங்கி வைத்த துவாரங்களும், ஆயுத அறைகளும், சுனைகளும், மூர்த்தியில்லாத அபிராமி அம்மன் ஆலயமும் காணக்கிடைக்கின்றன. அவற்றுடன் வேறொன்றையும் காண்கிறோம். வாலிபர் பலர் ஆணியாலும் கரியாலும் தம் பெயர்களைச் சுவரெங்கும் எழுதிவைத்திருக்கின்றனர்!

1958-ம் வருஷத்துப் புராதனச் சின்னங்கள் சட்டம், 2010-ல் திருத்தப்பட்டபடி, இக்குற்றத்திற்கு இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடங்கொடுக்கிறது. அதே திருத்தம், பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டிடம் கூடாதென்றும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டவேண்டுமென்றும் கட்டளையிடுகிறது. இதன் பொருளை நேயர்கள் ஊன்றி நோக்கவேண்டும். கோட்டைக்காக அடிவாரத்து ஏழைக் குடும்பம் தன் மண்ணில் ஓர் அறை எழுப்பும் உரிமையையும் விட்டுக்கொடுக்கிறது. உல்லாசமாக வருகிறவனோ, ஒரு தியாகமும் செய்யாமல், அக்கோட்டையைக் கீறிவிட்டுப் போகிறான். இது நீதியா?

தண்டனை விதியைக் கூட்டினால் போதுமென்று சிலர் கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. சுவருக்கொரு சேவகனை நிறுத்த எந்தச் சர்க்காராலும் இயலாது. தன் பாட்டனின் வீடென்று அறிந்தவன் அதன் சுவரைக் கீறமாட்டான்; அந்த அறிவே உண்மையான காவல். ஆகவே இந்நகரத்து உபாத்தியாயர்களை வேண்டுகிறோம்: வருஷத்திற்கொரு முறையேனும் மாணவரை இம்மலைமீது அழைத்துச் செல்லுங்கள். மேற்கே விருப்பாச்சியின் திசையைக் காட்டி, கோபால நாயக்கரின் கதையைச் சொல்லுங்கள். அவர் பெயர் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக நிலைத்திருக்கிறது. அது கல்லிலே கீறித் தேடிக்கொண்ட பெயரன்று.