கம்பஸை மாற்றலாமா, உம்மா?



பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்த வீட்டில் முதல் நாள் பெருநாள்தான். இரண்டாம் நாள் கவலை தொடங்கிவிடும். "எந்தக் கம்பஸ்?" என்று பக்கத்து வீட்டார் கேட்பார்கள். "யாழ்ப்பாணம்" என்றதும் பேச்சு சற்று நிற்கும். 1990இல் வடக்கிலிருந்து புத்தளத்துக்கு வந்து சேர்ந்த குடும்பங்களில் அந்த மௌனம் இன்னும் நீளமானது. பிறகு எப்படியோ மனதைத் தேற்றிக்கொண்டு, பெட்டியும் பாயும் கட்டி, வாப்பா கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்.

பிரச்சினை மூன்றாம் மாதம் வரும். ஓர் இரவு தொலைபேசி அடிக்கும். "உம்மா, எனக்கு இங்க இருக்க ஏலாது. ட்ரான்ஸ்பர் எடுத்துத் தாங்க." அடுத்த நாள் காலை அந்த உம்மா எங்களைப் போன்ற ஆசிரியர்களைத் தேடுவார். "மௌலவி, என்ன செய்யலாம்? ஒலுவிலுக்கு மாத்த வழி இருக்கா?"

இந்தக் கேள்வி ஒவ்வோராண்டும் வருகிறது. ஆகவே அதைக் கொஞ்சம் விரிவாகப் பேசுவோம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கும் இடமாற்றம் என்ற சொல்லுக்கும் பழைய உறவு உண்டு. 1974 ஒக்டோபரில் அது திறக்கப்பட்டபோது தனிப் பல்கலைக்கழகமாக இருக்கவில்லை. நாட்டில் அப்போது இருந்தது ஒரே பல்கலைக்கழகம். மற்றவை எல்லாம் அதன் வளாகங்கள். திருநெல்வேலியில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களில், பேராசிரியர் கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. ('கம்பஸ்' என்ற சொல் நம் வாயில் ஒட்டிக்கொண்டது அந்தக் காலத்தில்தான் என்று நினைக்கிறேன்.) அங்கே சிங்கள மாணவர்களும் படித்தார்கள். 1977 ஓகஸ்ட் கலவரத்தோடு அவர்கள் தெற்கே போய்விட்டார்கள். வேறு வளாகங்களில் படிப்பைத் தொடர்ந்தார்கள். 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமானது.

பின்னர் மறுதிசையில் நடந்தது. 1983 மே மாதமே பேராதனையில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, தெற்கே படித்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் திரும்பிப் போக மறுத்து, யாழ்ப்பாணத்திலேயே தங்களுக்கு இடம் தரும்படி கேட்டார்கள். இடம் கிடைக்கவில்லை. 1984 ஜனவரியில் அவர்களுள் சிலர், பெண் பிள்ளைகள் உட்பட, யாழ் வளாகத்தில் சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தார்கள். விடுதலைப் புலிகள் வந்து அவர்களைத் தூக்கிச் சென்று, பின்னர் இந்தியாவுக்குக் கொண்டுபோனார்கள். அப்படிப் போனவர்களுள் பேராதனையில் படித்த மதிவதனியும் ஒருவர். அதே ஆண்டு ஒக்டோபரில் அவர் பிரபாகரனை மணந்தார். ட்ரான்ஸ்பர் கேட்டு உட்கார்ந்த பிள்ளைகள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் பாருங்கள்.

போகவேண்டாம் என்று முடிவெடுத்த ஒரு தாயையும் சொல்ல வேண்டும். டாக்டர் ரஜனி திராணகம யாழ் மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்தவர். இங்கிலாந்தில் உயர்படிப்பை முடித்தவர். இரண்டு சிறு பெண் பிள்ளைகளின் தாய். வெளிநாட்டிலேயே தங்கியிருக்கலாம். ஆசிரியர்கள் இல்லாமல் தவித்த பீடத்துக்குத் திரும்பி வந்து படிப்பித்தார். எந்தத் தரப்பு செய்த அநியாயத்தையும் அநியாயம் என்றே எழுதினார். 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி, வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 35.

அடுத்த ஆண்டு நம்முடைய முறை வந்தது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி புலிகள் யாழ் நகர முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரிக்கு வரவழைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறும்படி உத்தரவிட்டார்கள். வடமாகாணம் முழுவதிலுமாக ஏறத்தாழ 75,000 பேர் வீடு வாசலை விட்டு வந்தார்கள். கதீஜாவில் படித்த சிறுமியும் கம்பஸில் படித்த குமரும் ஒரே நாளில் அகதியானார்கள். இருக்கிறாயா, போகிறாயா என்று அந்தப் பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை. சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 1995இல் அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, யுத்தம் நெருங்கியதால் வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் வெளியேறினார்கள். அன்று பல்கலைக்கழகமே வெறிச்சோடியது. 1996இல் மக்கள் திரும்பிய பிறகே திருநெல்வேலியில் பாடம் தொடர்ந்தது.

கிழக்கில் கதை வேறு விதம். மட்டக்களப்பு வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு முஸ்லிம் பிள்ளைகள் போய்வர முடியாத நிலை வந்தபோதுதான், மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃபின் முயற்சியால் 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி பிறந்தது. 1996இல் முழுப் பல்கலைக்கழகமாயிற்று. இன்று ஒலுவில் என்றால் 'நம்மட கம்பஸ்' என்று ஒரு நிம்மதி நம் தாய்மாருக்கு. அந்த நிம்மதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒலுவில் இல்லாவிட்டால் எத்தனையோ பெண் பிள்ளைகள் உயர்தரத்தோடு நின்றிருப்பார்கள்.

இதையெல்லாம் இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மேலே சொன்னவர்களில் பெரும்பாலோருக்குத் தெரிவு என்று ஒன்று இருக்கவில்லை. உயிர் ஒரு பக்கம் இழுத்தது, போனார்கள். உங்கள் மகளுக்குத் தெரிவு இருக்கிறது. தெரிவு இருக்கிறவர் நிதானமாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மகளுக்கு இருக்கும் கஷ்டம் அந்த இடத்தில் இருக்கிறதா, அல்லது எங்கே போனாலும் அவளோடு கூடவே போகுமா?

என்னிடம் படித்த ஒரு மாணவியின் விஷயத்தைச் சொல்கிறேன். பூர்வீகம் யாழ்ப்பாணம், பிறந்து வளர்ந்தது புத்தளம். பாடசாலையில் எப்போதும் முதலாம் பிள்ளை. யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான பீடம் கிடைத்தது. மூன்றாம் மாதம் ட்ரான்ஸ்பர் கேட்டு அழத் தொடங்கினாள். தாய் என்னிடம் சொன்ன காரணங்கள் இவை: அறையில் நான்கு பேர், இவள் ஒருத்திதான் முஸ்லிம், சுபஹுக்கு அலாரம் வைத்தால் மற்றப் பிள்ளைகளுக்குத் தொந்தரவு, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, சீனியர்கள் பேசும் பேச்சு சரியில்லை.

தாயை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து வரச் சொன்னேன். போனார். ஐந்து சந்திப் பக்கம், 2009க்குப் பிறகு திரும்பிக் குடியேறிய ஓர் உறவுக்காரர் வீட்டில் இரண்டு நாள் தங்கினார். அலாரம் அடித்தால் முதலில் எழும்புவது பக்கத்துக் கட்டில் பிள்ளையாம். பருத்தித்துறைக்காரி, அவளுக்கும் விடியப்புறம் படிக்க வேண்டும். சாப்பாட்டுக்கு ஊரெல்லாம் சைவக்கடை. இறைச்சி வேண்டுமென்றால் நம்மவர் கடை நகரத்தில். இரண்டாம் நாள் இரவுதான் உண்மை வெளியே வந்தது. விரிவுரைகள் ஆங்கிலத்தில். பதின்மூன்று வருடம் தமிழில் படித்த பிள்ளைக்குப் பாதி விளங்கவில்லை. முதல் சோதனையில் வந்த புள்ளியை அவள் யாருக்கும் காட்டவில்லை. எப்போதும் முதலாவதாக வந்தவள் கடைசிப் பத்துப் பேருக்குள் நின்றாள். அந்த வெட்கம் அறையாகவும் அலாரமாகவும் சோறாகவும் வெளியே வந்திருக்கிறது.

ஒலுவிலில் விஞ்ஞானத்தைத் தமிழிலா படிப்பிக்கிறார்கள்? பேராதனையில்? அந்தக் கஷ்டம் எங்கே போனாலும் அவளோடு வந்திருக்கும். யாழ்ப்பாணத்திலாவது ஆங்கிலத்தில் விளங்காததைப் பக்கத்தில் இருப்பவளிடம் தமிழில் கேட்கலாம். தெற்கே போயிருந்தால் அதற்கும் வழி குறைவு. அந்தப் பருத்தித்துறைப் பிள்ளையோடு சேர்ந்துதான் இவள் குறிப்பெடுத்துப் படித்தாள். இப்போது மூன்றாம் ஆண்டு. வகுப்பில் முதலாவதாக வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை.

அந்த வீட்டில் எல்லோரும் பயந்தது மூத்தும்மாவுக்கு. அவர்தான் துரத்தப்பட்டவர், 'வந்துவிடு மகளே' என்பார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் சொன்னது, "அது எங்கட ஊர். அவள் அங்க விருந்தாளியாப் போகல்ல." அவ்வளவுதான்.

இருந்தே ஆகவேண்டும் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். வேறொரு மகள் எனக்குத் தெரியும். மாதாமாதம் கொழும்பில் கிளினிக் போகவேண்டிய நோய். இரவு பஸ்ஸில் வந்து, மருந்தெடுத்து, மறுபடி இரவு பஸ். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். அவள் தாமதிக்காமல் மருத்துவச் சான்றுகளோடு விண்ணப்பித்தாள், மாறினாள். புதிய இடத்தில் பாடங்கள் சரியாகப் பொருந்தாததால் கொஞ்சம் காலம் வீணாயிற்று. ஆனாலும் அது சரியான முடிவு. அங்கே கஷ்டம் உண்மையிலேயே இடத்தில் இருந்தது.

பகிடிவதை விஷயம் தனி. தாய்மார் சிலர் "ஸபூர் செய் மகளே, கொஞ்ச நாள்தானே" என்று சொல்லிவிடுகிறார்கள். ஸபூர் என்ற சொல்லை இதற்குள் கொண்டுவராதீர்கள். 1997இல் பேராதனைப் பொறியியல் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருக்கிறது. முதலில் பிள்ளையை அங்கிருந்து பத்திரமாக வெளியே எடுங்கள். முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள். மாறுவதா இல்லையா என்பது அதற்குப் பிறகுள்ள கேள்வி. முறைப்பாடு செய்யாமல் மாறினால், அடுத்த அணிப் பிள்ளை அதே சீனியர்களிடம் போய் நிற்கும்.

தகராறு வந்தால் என்ன செய்வது என்றும் கேட்கிறீர்கள். 2016 ஜூலையில் யாழ் விஞ்ஞான பீட வரவேற்பு நிகழ்ச்சியில் தமிழ், சிங்கள மாணவர்களிடையே மோதல் நடந்தது. சிங்களப் பிள்ளைகள் பஸ்களில் ஊர் போனார்கள். அவர்களின் தாய்மாரும் உங்களைப் போலத்தான் பயந்திருப்பார்கள். நிலைமை அடங்கியதும் திரும்பி வந்து படிப்பைத் தொடர்ந்தார்கள். 1977ஐ போல அது முடியவில்லை.

மஹ்ரம் இல்லாமல் பெண் பிள்ளை தூரப் பயணம் போவது பற்றியும் கேட்கிறார்கள். உலமாக்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. எந்தப் பயணமானாலும் மஹ்ரம் வேண்டும் என்போர் உண்டு. பாதை பாதுகாப்பாகவும் நம்பிக்கையான பெண்கள் துணையாகவும் இருந்தால் தேவைக்காகப் போகலாம் என்போரும் உண்டு. நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஆனால் அது பயணத்தைப் பற்றிய கேள்வி, கம்பஸைப் பற்றியதன்று. புத்தளத்திலிருந்து பார்த்தால் யாழ்ப்பாணத்தை விட ஒலுவில்தான் தூரம்.

இனி நடைமுறைக்கு வருவோம். பல்கலைக்கழகம் மாறுவது பாடசாலை மாறுவது போல வாப்பா போய்க் கையொப்பம் வைத்து முடிக்கும் காரியமன்று. அனுமதி முழுவதும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையில். உயர்தரப் பெறுபேறு வந்து, பாடநெறியையும் பல்கலைக்கழகத்தையும் விருப்ப வரிசையில் நிரப்பும் நாளில்தான் உண்மையான தெரிவு நடக்கிறது. 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று பிரித்து, இஸட் புள்ளியின்படி இடம் தருகிறார்கள். அந்தப் பத்திரத்தைத் தம்பியிடமோ கடைக்காரப் பொடியனிடமோ கொடுத்து நிரப்புகிற வீடுகள் நம்மிடையே நிறைய. பிறகு மூன்றாம் மாதம் அழுகை. பதிவு செய்து சேர்ந்த பிறகு, மறுபடி உயர்தரம் எழுதி வேறிடம் போகலாம் என்ற நினைப்புக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. அந்தந்த ஆண்டின் அனுமதிக் கைநூலில் விதிகள் இருக்கின்றன, வாசியுங்கள்.

எல்லாப் பாடமும் எல்லா இடத்திலும் இல்லை. சித்த மருத்துவம் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும்தான், யூனானி கொழும்பில்தான். யாழ்ப்பாணம் என்று கடிதத்தில் இருந்தாலும் பொறியியல், விவசாயம், தொழில்நுட்பப் பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. ஐந்து சந்தி உறவுக்காரர் வீட்டை நம்பி அனுப்பினால் அவர் அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பார். இதைப் பெட்டி கட்டுவதற்கு முன்பே விசாரியுங்கள்.

மாறுவதென்றே தீர்மானமானால், விண்ணப்பத்தை மகளே எழுதட்டும். காரணத்தை உள்ளபடி எழுதட்டும். நோயென்றால் சான்று இணைக்கட்டும். விடை வரும்வரை வீட்டில் கூட்டிவந்து வைத்துக்கொள்ளாதீர்கள். வகுப்புக்குப் போகட்டும். வரவு குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் இரண்டு இடமும் இல்லாமல் போகும்.