சிங்கவரத்தில் திரும்பிய முகம்: தேசிங்குராஜன் கதையில் காதலும் எதிர்பார்ப்பும்

திறவுச்சொற்கள்: தேசிங்குராஜன் கதை, சிங்கவரம், கதைப்பாடல், தெருக்கூத்து, திரை, காட்சி மறுப்பு

செஞ்சிக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிங்கவரம், தமிழாய்வாளர்க்கு இரண்டு காரணங்களால் அறிமுகமான ஊர். அருகிலுள்ள திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்களும், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு நோற்றதைக் கூறும் பழைய கல்வெட்டும் உள்ளன. ‘ஐ’ என்னும் உயிரெழுத்தின் தொன்மை வடிவைத் தேடுவோர் அக்கல்வெட்டை விட்டுச் செல்வதில்லை. மற்றொரு காரணம், ஊர்க் குன்றின்மேல் பாறையைக் குடைந்து அமைத்த பல்லவர் காலத்து அரங்கநாதர் கோயில். இக்கட்டுரை மூன்றாவது காரணம் ஒன்றைப் பற்றியது. தேசிங்குராஜன் கதை என்னும் கதைப்பாடலில், போருக்கு விடைபெற வந்த தன் அடியவனைக் காண மறுத்து இறைவன் முகத்தைத் திருப்பிக்கொண்ட இடம் சிங்கவரம்.

வரலாற்றுச் செய்தி சுருக்கமானது. செஞ்சிக் கோட்டையின் முகலாயத் தலைவராயிருந்த புந்தேல ராசபுத்திரர் சொரூப்சிங் இறந்தபின், அவர் மகன் தேஜ்சிங் பொறுப்பேற்றார். வரிநிலுவை கேட்ட ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானுடன் மோதி, 1714 அக்டோபரில் போர்க்களத்தில் மாண்டார். அப்போது அவருக்கு வயது 22 என்பர். அவருடைய ஆட்சி ஓராண்டுகூட நிறைவுறவில்லை. சி. எஸ். ஸ்ரீநிவாசாச்சாரியின் செஞ்சி வரலாற்று நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943இல் வெளியிட்டது. ஆவணங்களைக் கொண்டு இந்நிகழ்ச்சிகளை விரிவாக அறிய அந்நூல் இன்றும் உதவும்.

இவ்வாவணங்களோடு ஒப்பிட்டே கதைப்பாடலை மதிப்பிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. எந்தச் செய்தி மெய், எந்தச் செய்தி புனைவு என்று பிரித்தபின், சிங்கவரக் காட்சி ‘தீநிமித்த நம்பிக்கை’ என்ற ஒற்றைத் தொடரில் அடங்கிப்போகிறது. நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடல், கான்சாகிபு சண்டை முதலியவற்றுக்கும் இத்தகைய வாசிப்பே முதலில் வாய்த்தது. அதில் பயன் இல்லை என்பதன்று. ஆனால், முடிவை முன்னரே அறிந்த ஊரார் ஓர் இரவு முழுதும் கண்விழித்து இக்கதையைக் கேட்டது எதற்காக என்ற வினாவுக்கு அவ்வாசிப்பில் விடை இல்லை.

மூன்று தடைகள்

விடை கதையின் அமைப்பில் உள்ளது. கதைப்பாடலில் தேசிங்கு மணமானவன். எனினும் மனைவி இராணிபாயின் முகத்தைக் கண்டவன் அல்லன். அவர்களுக்கிடையே திரை நிற்கிறது. போருக்குப் புறப்படும் வேளையிலும் அவன் திரைக்கு இப்பால் நின்றே விடைபெறுகிறான். அவன் தோழன் மோவுத்துக்காரன், வரலாற்றில் மகபத்கான், வழுதாவூரில் தன் மணக்கோலத்தில் இருக்கிறான். ஓலை வந்ததும் மணப்பந்தலை விட்டு எழுந்து குதிரை ஏறுகிறான். சிங்கவரத்திலோ அரங்கநாதர் முகம் திரும்புகிறது.

இம்மூன்றையும் தனித்தனி நிகழ்ச்சிகளாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஒரே வடிவம் மூன்று உறவுகளில் திரும்ப வருகிறது. கணவன் மனைவியைக் காணவில்லை. மணமகன் மணமகளோடு இருக்கவில்லை. தெய்வம் அடியவனை நோக்கவில்லை. கூடவேண்டிய இடத்தில் கூட்டம் நிகழாமற் போவதே இக்கதையின் இயக்கம். தேசிங்கு மாள்வான் என்பது கேட்போர்க்குத் தெரியும். ஆதலால் அவர்தம் பதைப்பு அவன் உயிரைப் பற்றியதன்று. அவன் மாள்வதற்குள் அவளை ஒருமுறையேனும் காண்பானா என்பதைப் பற்றியது. கதைமரபு அதற்குத் தரும் விடை கொடியது. இராணிபாய் கணவன் முகத்தைக் காண்பது அவன் உடல் களத்திலிருந்து வந்த பின்னரே. அடுத்து அவள் தீப்பாய்கிறாள். அவள் நினைவாகவே இராணிப்பேட்டை பெயர்பெற்றது என்பது வழங்கிவரும் செய்தி.

சிங்கவரக் காட்சி இவ்வரிசையில் நிற்பதால்தான் வலிமை பெறுகிறது. இறைவன் “போகாதே” என்று வாய்திறந்து கூறியிருந்தால் அது அறிவுரையாகியிருக்கும். அசரீரி ஒலித்திருந்தால் வழக்கமான புராண உத்தியாகியிருக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல் ஊடலின் மெய்ப்பாடு. அகமரபில் தலைவி செய்வதை இங்கே தெய்வம் செய்கிறது. ஊடல் தணிக்கக் காலம் வேண்டும். தேசிங்குக்கோ காலம் இல்லை.

இன்னொன்றையும் கருதவேண்டும். சிங்கவரத்துச் சயனத் திருமேனி தாய்ப்பாறையில் குடைந்தது. ஏறத்தாழ 24 அடி நீளமுடையது. பெயர்க்கவோ திருப்பவோ இயலாத கல் அது. அதன் முகச்சாய்வைக் காட்டியே ஊரார் கதையை மெய்ப்பிக்கின்றனர். சிற்பத்தைக் கதை விளக்குகிறது. கதைக்குச் சிற்பம் சான்றாகிறது. இரவில் கதை கேட்டவர் மறுநாட் காலையில் குன்றேறி அந்த முகத்தைப் பார்த்து வரலாம். கதை நிகழிடமும் கேட்போர் வாழிடமும் ஒன்றாயிருக்கும் இவ்வாய்ப்பு கதைப்பாடல்கள் எல்லாவற்றுக்கும் வாய்ப்பதில்லை.

அரங்கின் திரை

கதைக்குள் தொங்கும் திரை, இராசபுத்திர மகளிரின் முகமறைப்பு வழக்கத்தைச் சுட்டுவது என்று விளக்கி நிறுத்திவிடலாம். ஆனால் இக்கதை பாடப்பட்ட நிலம் கூத்தின் நிலம். ஆல்ஃப் ஹில்ட்பைட்டல் 1988இல் வெளியிட்ட திரௌபதி வழிபாட்டாய்வின் முதல் தொகுதி, செஞ்சியையும் அடுத்துள்ள மேலச்சேரியையும் அவ்வழிபாட்டின் மையமாகக் கொள்கிறது. பாரதக்கூத்து பார்த்துப் பழகிய கண்களே தேசிங்கு கதையையும் எதிர்கொண்டன.

தெருக்கூத்தில் வேடக்காரர் நேரே களரிக்கு வருவதில்லை. இருவர் துணியொன்றைப் பிடித்து நிற்க, அதன் பின்னிருந்து குரல் எழும், சலங்கை ஒலிக்கும், கிரீடத்தின் முனை தெரியும், மறையும். கட்டியங்காரன் வருபவர் யாரென வினவுவான். திரை விலகும் கணத்துக்காக அவையோர் காத்திருப்பர். யார் வரப்போகிறார் என்பது எல்லோரும் அறிந்ததே. அறிந்ததைக் காணப்பெறாமையே அங்கே சுவை. இராணிபாயின் திரையைக் கேட்ட அவையோர் இத்திரையை நினையாதிருந்திருப்பரா? கூத்தில் திரை விலகியே தீரும். கதைப்பாடலில் அது உரிய காலத்தில் விலகுவதில்லை. பழகிய அரங்க மரபு ஊட்டிய எதிர்பார்ப்பையே கதை முறித்துவிடுகிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

அச்சும் திரைப்படமும்

பெரிய எழுத்துப் பதிப்பாக அச்சேறியபோது கதை தன் இரவுப்பொழுதை இழந்தது. வாங்கியவர் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்ட முடியும். வார இதழ்த் தொடர்கதையே பழைய காத்திருப்பை வேறு வகையில் மீட்டது. கலைமணி என்ற புனைபெயரில் கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தில்லானா மோகனாம்பாள் இதற்குத் தக்க சான்று. நாதசுரக் கலைஞனும் ஆடல்மகளும் கொண்ட காதல், கலைச்செருக்காலும் இடையில் நிற்போராலும் வாரந்தோறும் தள்ளிப்போகிறது. ஆயின் அங்கே கலைஞர் ஒருவரையொருவர் காண்கின்றனர், கேட்கின்றனர், கூடுதல் மட்டுமே தடைப்படுகிறது. முடிவில் கூடியும் விடுகின்றனர். தேசிங்கு கதையின் கடுமை அதற்கில்லை, வேண்டுவதும் இல்லை.

1960இல் டி. ஆர். ரகுநாத் இயக்கிய ராஜா தேசிங்கு படத்தில் எம்.ஜி.ஆர். இரட்டை வேடம் ஏற்றார். பானுமதி, பத்மினி, எஸ். எஸ். இராஜேந்திரன் உடன் நடித்தனர். நட்சத்திர நடிகர்களைக் கொண்ட படத்தில் முகம் மறைக்கும் திரை நெடுநேரம் நிற்க வழியில்லை. நாயகனையும் நாயகியையும் ஒரே சட்டகத்தில் காண்பதற்கே மக்கள் சீட்டு வாங்கினர். களரியில் காணாமை விலைபோயிற்று. கொட்டகையில் காட்சி விலைபோயிற்று. கதைப்பாடலின் நடுவே நின்ற திரை, அக்கதையைப் படமாக வீழ்த்தும் வெள்ளைத்துணியாயிற்று. சிங்கவரத்தில் மட்டும் குன்றேறிச் செல்வோர் இன்றும் விளக்கொளியில் அந்த முகம் எப்பக்கம் சாய்ந்துள்ளது என்று உற்றுப் பார்க்கின்றனர்.