உங்களுக்குத் தெரியுமா? நசுங்கிய டிரம்பெட்டும் ஊதும்!

பித்தளை வாத்தியத்தின் குரலைக் கெடுப்பது பெரும்பாலும் நசுங்கல் அல்ல, காற்றுக் கசிவுதான். டிரம்பெட்டின் அகன்ற வாயில் சிறு பள்ளம் விழுந்தால் நாதம் ஏறக்குறைய அப்படியே இருக்கும்; எச்சில் வடியும் துளையின் தக்கை உதிர்ந்தாலோ பல சுரங்கள் பேசவே பேசா. ஆகவே கிள்ளான் பள்ளி பேண்டானாலும் சரி, வேறு எந்த பேண்டானாலும் சரி, அவசரத்தில் அடைக்க வேண்டியது ஓட்டையை. தக்கைக்குப் பதில் பென்சில் ரப்பரில் வெட்டிய துண்டு, ஸ்பிரிங் உடைந்தால் ரப்பர் பேண்டு, இணைப்பு விட்டிருந்தால் தேன்மெழுகு அல்லது டேப் போதும். நாதஸ்வரக்காரர்களுக்கு இது பழைய பாடம். தைப்பூச ரதம் கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோவிலிலிருந்து பத்துமலைக்குச் சுமார் 15 கி.மீ. போகிறது, கூடவே வாசிப்பவரின் ஊதுமுனையான சீவாளி நடுவழியில் பிளந்தால் கடை தேட முடியுமா? மாற்றுச் சீவாளி வாத்தியத்திலேயே தொங்கும். சீவாளியைச் செருகும் உலோகக் குழலான கெண்டை ஆடினால் நூல் சுற்றுவார்கள். கீழ்த்துளைகளில் மெழுகு வைத்துச் சுருதியைச் சரிசெய்வார்கள்.

சூப்பர் குளூ இன்னும் கெட்டியாயிற்றே என்பார்கள். கெட்டிதான், அதுவே கோளாறு: அந்தப் பசையை முழுக்கச் சுரண்டி எடுக்காமல் பிறகு ஈயப்பற்று ஒட்டாது. மெழுகு நம் வெயிலில் உருகிவிடாதா? தேன்மெழுகு உருக 60 டிகிரி செல்சியசுக்கு மேல் வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் உச்சிவெயிலில் இளகலாம், ஓடாது. இளகினால் விரலாலேயே அழுத்திவிடலாம். கச்சேரி முடிந்ததும் இந்தத் தற்காலிக ஒட்டுகளையெல்லாம் கழற்றி, வாத்தியத்தைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். மவுத்பீஸ் சிக்கிக்கொண்டால் மட்டும் கொறடு போட்டுத் திருகாதீர்கள், குழாயே முறுகிவிடும்.