சிகிச்சைக்குத் துணைநிற்கும் திருச்சபை

காசநோய்க்குக் குறைந்தது 6 மாதங்களேனும் மருந்து உட்கொள்ள வேண்டியிருக்கலாம். இரத்த அழுத்த மாத்திரை பெரும்பாலோருக்கு ஆயுள் முழுதும் தேவை. சற்றே நலம் தோன்றியதும் மருந்தை நிறுத்திவிட்டு, நோய் முற்றிய நிலையில் திரும்புவோரைக் கண்டு வருந்துகிறோம்.

இவ்விடைவெளியில் துணைநிற்கத் திருச்சபையால் இயலும். 1984-இல் சிகாகோ வட்டாரத்தில் போதகர் கிரேஞ்சர் வெஸ்ட்பெர்க், ஒரு மருத்துவமனையின் துணையுடன் 6 செவிலியரைச் சபைகளில் பணியமர்த்தினார்.

கோவை, ஈரோடு, திருப்பூர்ச் சபைகளிலுள்ள ஓய்வுபெற்ற செவிலியரும் இப்பணியை ஏற்கலாம். ஞாயிறு ஆராதனைக்குப் பின் இரத்த அழுத்தம் அளந்து, 140/90-ஐ எட்டியவரை மருத்துவரிடம் அனுப்பலாம். தனித்து வாழும் முதியோருக்கு மாத்திரையை நினைவூட்டலாம். மருந்தளவை மாற்றுவது மருத்துவர் பொறுப்பு. நோயாளி இசைந்தாலன்றி அவரது நோய் விவரம் ஜெபக் குறிப்பாகவும் வெளிப்படலாகாது.

நீங்கள் விரும்பினால், வீடு திரும்பும் நாளில் சபையார் ஒருவரை அழைத்து வாருங்கள். மருந்துச் சீட்டை அவருக்கும் விளக்குவோம்.